பிரேக் பேடு சொல்லும் மைலேஜ் கணக்கு

"வண்டி பன்னிரண்டுக்கு மேல கொடுக்க மாட்டேங்குது தம்பி. வாங்கும்போது இருபதுன்னு சொன்னாங்க."

திருச்சியில் நான் பட்டறை போட்டு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இந்தப் புகாரை வாரத்துக்கு இரண்டு தடவையாவது கேட்டுவிடுவேன். அன்றைக்குச் சொன்னவர் ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்த ஒரு வங்கி அதிகாரி. 1.2 லிட்டர் பெட்ரோல் வண்டி, வாங்கி மூன்று வருடம், 28,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. என்னிடம் வருவதற்கு முன்பே ஏர் ஃபில்டர் மாற்றி, பிளக் மாற்றி, இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைக் கழுவி, டேங்கில் ஊற்றும் பாட்டில் மருந்து ஒன்றையும் ஊற்றிப் பார்த்துவிட்டார். எல்லாம் சேர்த்து ஏழாயிரம் ரூபாய் செலவு. மைலேஜ் பன்னிரண்டை விட்டு அசையவில்லை.

நான் பானெட்டைத் திறக்கவில்லை. முன் சக்கரத்தைக் கழற்றி, பிரேக்கை மிதித்தால் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பேடைப் பார்த்தேன். தேய்ந்து இரும்புத் தகடு தெரிகிற நிலையில் இருந்தது. "இது எத்தனாவது செட் சார்?" என்று கேட்டேன். இரண்டாவதாம். நிதானமாக ஓட்டுகிறவர் வண்டியில் முதல் செட்டே நாற்பதாயிரத்தைத் தாண்டி வரும். இவர் 28,000-க்குள் இரண்டு செட்டை முடித்திருக்கிறார். பெட்ரோல் எந்த வழியாகப் போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதை அவருக்குப் புரியவைக்கத்தான் ஒரு மணி நேரம் ஆனது. அன்று அவரிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன்.

பிரேக் பிடித்தால் பெட்ரோல் எப்படிச் செலவாகும் என்று கேட்பீர்கள். பிடிக்கிற அந்த நொடியில் செலவாகாதுதான். செலவு அதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்து வண்டிக்கு வேகம் கொடுத்தீர்களே, அந்த வேகம் முழுக்கப் பெட்ரோல் போட்டு வாங்கியது. பிரேக்கை மிதித்ததும் அது பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் சூடாகி, காற்றோடு போய்விடுகிறது. வண்டி ஓட்டி முடித்ததும் டிஸ்க் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட்டுவிட வேண்டாம். அந்த அனல் உங்கள் காசுதான்.

எவ்வளவு காசு என்று கணக்குப் போட்டுவிடலாம், பள்ளிக்கூட இயற்பியல் போதும். ஆளோடு சேர்த்து ஆயிரம் கிலோ எடையுள்ள வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதில் இருக்கும் இயக்க ஆற்றல் சுமார் 140 கிலோஜூல். இன்ஜின் தனக்குள் எரியும் பெட்ரோலில் ஏறக்குறைய கால்வாசியைத்தான் ஓட்டமாக மாற்றும், மீதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாகப் போய்விடும். அப்படியென்றால் அந்த 140-ஐக் கொடுக்க 560 கிலோஜூல் அளவுக்குப் பெட்ரோல் எரிய வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32,000 கிலோஜூல் போல இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் சுமார் 17 மில்லி வருகிறது. இருமல் மருந்து பாட்டிலின் மேலே ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்குமே, அதில் ஒரு மூடி நிறைய.

அறுபதில் போய்க்கொண்டிருந்து கடைசி நேரத்தில் பிரேக் பிடித்து நிற்கும்போதெல்லாம் அப்படி ஒரு மூடிப் பெட்ரோலைச் சாலையில் ஊற்றுகிறீர்கள். நூறில் வந்து டோல்கேட்டில் அழுத்தி நிறுத்தினால் கிட்டத்தட்ட 50 மில்லி, அரை டீ கிளாஸ். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிவிடும் என்பதால் இந்தக் கணக்கு மேலே போகப் போக வேகமாக ஏறும். சென்னைக்குப் போகிறவர்கள் சமயபுரம், திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று வரிசையாக டோல்கேட்டுகளைக் கடக்கிறார்கள். கட்டணத்தைத் திட்டிக்கொண்டே கட்டுகிறோம். அதே இடத்தில் அரை கிளாஸ் பெட்ரோலையும் கொட்டிவிட்டுப் போவதை யாரும் திட்டுவதில்லை. டோல்கேட் வரப்போவதற்கான பலகை ஒரு கிலோமீட்டர் முன்பே வந்துவிடும். அங்கேயே காலை எடுத்தால் பிரேக்குக்குப் பெரிய வேலை இருக்காது.

ஹைபிரிட் கார்கள் ஊருக்குள் நல்ல மைலேஜ் கொடுப்பதன் ரகசியமும் இதிலேயே இருக்கிறது. வேகம் குறையும்போது அந்த ஆற்றலில் ஒரு பகுதியை மோட்டார் பிடித்து பேட்டரிக்கு அனுப்பிவிடுகிறது. நம் சாதாரண வண்டியில் அந்த வசதி கிடையாது. நம்மிடம் இருப்பது கண் மட்டும்தான்.

சரி, வங்கி அதிகாரி கதைக்கு வருகிறேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, பெட்ரோல் எவ்வளவு போகிறது என்ற அளவைத் திரையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரை ஓட்டச் சொன்னேன். பால்பண்ணையிலிருந்து கிளம்பி, காந்தி மார்க்கெட் வழியாக பாலக்கரை, அங்கிருந்து தலைமைத் தபால் நிலையம். நல்ல ஓட்டுநர்தான், யார் மீதும் மோதியதில்லை. ஆனால் அவர் கண் முன்னால் போகும் வண்டியின் பம்பரைத் தாண்டிப் போகவே இல்லை. பத்தடி இடம் கிடைத்தால் ஆக்சிலரேட்டர், பம்பர் நெருங்கினால் பிரேக். இரண்டு பெடலுக்கும் நடுவில் அவர் கால் தையல் மிஷின் ஊசி மாதிரி போய் வந்துகொண்டிருந்தது. தூரத்தில் சிவப்பு விளக்கு எரிவது எனக்குத் தெரிகிறது, அவர் மூன்றாவது கியரில் இழுத்துக்கொண்டு போகிறார். போய் நிற்கத்தானே போகிறோம், எதற்கு இந்த அவசரம்?

திரும்பும்போது அதே வழியில் நான் ஓட்டினேன். அதே நெரிசல், அதே ஏசி. முன்னால் போகும் வண்டியை விட்டுவிட்டு அதற்கு முன்னால் நாலாவதாகப் போகும் பஸ்ஸின் பிரேக் விளக்கைப் பார்த்தேன். அது சிவந்தவுடனே காலை எடுத்துவிட்டேன். நம் ஊர்களில் பல சிக்னல்களில் இப்போது விநாடி எண்ணும் டைமர் இருக்கிறது. சிவப்பில் இன்னும் 40 என்று காட்டினால், வேகமாகப் போய் 35 விநாடி நிற்பதும் மெதுவாக உருண்டுபோய் 10 விநாடி நிற்பதும் ஒரே நேரத்தில்தான் சிக்னலைத் தாண்டவைக்கும். பெட்ரோல்தான் ஒன்றாக இருக்காது. பட்டறைக்குத் திரும்பியபோது நான் எடுத்துக்கொண்ட நேரம் அவரைவிட ஒன்றரை நிமிடம் கூடுதல். ஸ்கேனர் காட்டிய சராசரி அவருக்கு 11.8, எனக்கு 15.4.

உடனே அவர் கேட்ட கேள்வி, இதைப் படிக்கும் நீங்களும் கேட்கப்போகிற கேள்விதான். "இடைவெளி விட்டா ஆட்டோக்காரன் உள்ள நுழைஞ்சிடறானே?" நுழைவான். விடுங்கள். ஒரு ஆட்டோ நுழைந்தால் உங்களுக்கு நஷ்டம் நாலு மீட்டர். அந்த நாலு மீட்டரைக் காப்பாற்ற ஒவ்வொரு தடவையும் முட்டிக்கொண்டு போய் பிரேக் பிடிப்பதில்தான் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகிறது. அரசு பஸ்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டு போவது இன்னும் மோசம். அது எந்த ஸ்டாப்பில் நிற்கும், எங்கே கையைக் காட்டினால் நிற்கும் என்று ஓட்டுநருக்கும் கண்டக்டருக்கும்தான் தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று பிரேக் பிடிக்கவே தயங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பையன் குறுக்கே வந்தால் மிதித்துத்தான் ஆக வேண்டும், அதற்காகத்தான் பிரேக். முன்கூட்டியே தெரிந்த சிக்னல், தெரிந்த வேகத்தடை, தெரிந்த திருப்பம், இவற்றில் முன்கூட்டியே காலை எடுங்கள் என்பதுதான் நான் சொல்வது.

காலை எடுத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இப்போதைய இன்ஜெக்ஷன் வண்டிகளில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டுவிட்டால், கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை மூடிவிடும். பெட்ரோல் பூஜ்யம். அப்போது இன்ஜினைச் சுற்றவைப்பது சக்கரம். ஆர்பிஎம், அதாவது இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை, ஆயிரத்து சொச்சத்துக்கு இறங்கியதும், இன்ஜின் நின்றுவிடாமல் இருக்க மறுபடி கொஞ்சம் பெட்ரோல் விடும். அதுவரை இலவச ஓட்டம்.

நம் ஆட்களில் பாதிப்பேர் சிக்னலைக் கண்டதும் நியூட்ரலுக்குத் தள்ளிவிடுகிறார்கள், மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு. நியூட்ரலில் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோலை எரித்துத்தான் ஆக வேண்டும். அம்பாசடர், பிரீமியர் பத்மினி, பழைய மாருதி 800 காலத்தில், இன்ஜெக்டருக்குப் பதிலாகப் பெட்ரோலைக் காற்றோடு கலந்து விடும் கார்புரேட்டர் இருந்தபோது, இந்தப் பழக்கத்துக்கு ஓரளவு நியாயம் இருந்தது. என் குருநாதரே எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். வண்டி மாறிவிட்டது, பழக்கம் மட்டும் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்துவிட்டது. மட்டமான நீளச் சாலையில் நியூட்ரலில் வண்டி அதிக தூரம் உருளும் என்பது உண்மைதான். ஆனால் எப்படியும் வேகத்தைக் குறைக்க வேண்டிய இடத்தில் கியரில் விடுவதே லாபம். கையும் காலும் கட்டுப்பாட்டில் இருக்கும், அது வேறு.

மலையில் இறங்கும்போது இது மைலேஜ் விஷயமே இல்லை, உயிர் விஷயம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலிருந்து கீழே வரை நியூட்ரலில் இறங்கிய ஒருவர் வண்டியை என் பட்டறைக்குக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தது, பேடு கருகி நாற்றம். நல்லவேளை, வளைவில் ஒரு மண்மேடு இருந்திருக்கிறது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் இன்ஜினையே ஆஃப் செய்துவிட்டு இறங்குவார்கள். இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியிலேயே தீர்ந்துவிடும். அப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்வார்கள். இன்ஜெக்டர் மூடியிருப்பதால் அந்த இறக்கம் முழுவதும் கிட்டத்தட்ட பெட்ரோலே செலவாகாது.

அடுத்து, கிளம்புகிற விதம். "முட்டையை மிதிக்கிற மாதிரி ஆக்சிலரேட்டரை மிதி" என்று எல்லோரும் சொல்வார்கள். ஆமை மாதிரிக் கிளம்பி, இரண்டாவது கியரிலேயே அரை கிலோமீட்டர் போவது சிக்கனம் இல்லை. இன்ஜினுக்கு மிதமான சுமை கொடுத்து, சீக்கிரமாக மேல் கியருக்குப் போய்விடுவதே நல்லது. சாதாரண பெட்ரோல் வண்டியில் 2,000 ஆர்பிஎம் பக்கத்தில், டீசலில் அதற்குக் கொஞ்சம் கீழே, கியரை மாற்றிவிடலாம். மட்டமான சாலையில் ஐம்பது, ஐம்பத்தைந்தில் ஐந்தாவது கியர் விழுந்திருக்க வேண்டும். புது வண்டிகளில் மீட்டரிலேயே மேல்நோக்கிய அம்புக்குறி வருகிறது. அதை அலங்காரத்துக்கு வைக்கவில்லை. அதற்காக நாற்பதில் ஐந்தாவது போட்டு, வண்டி நடுங்க நடுங்க மேம்பாலம் ஏற்றுகிறவர்களும் உண்டு. நடுக்கம் வந்தால் ஒரு கியர் குறையுங்கள். அந்த நடுக்கத்தோடு ஓட்டி மிச்சம் பிடிக்கிற பணத்தை இன்ஜின் மவுண்டிங்குக்கும், டீசல் வண்டியென்றால் ஃப்ளைவீலுக்கும் என்னிடம் சேர்த்துக் கொடுப்பீர்கள்.

கிளட்ச் மேல் காலை வைத்துக்கொண்டே ஓட்டுவதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். பாதம் லேசாக அழுத்திக்கொண்டிருந்தால் பிளேட் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும். இன்ஜின் சுற்றுகிற அளவுக்கு வண்டி போகாது, பெட்ரோலும் வீண், பிளேட்டும் வீண். மேட்டில் நிற்கும்போது அரை கிளட்ச்சில் வண்டியைத் தொங்கவிடும் பழக்கமும் அதே ரகம். ஹேண்ட் பிரேக் எதற்கு இருக்கிறது? கிளட்ச் பெடல் இல்லாமல் தானாகவே கியர் மாறும் ஏஎம்டி வண்டிக்காரர்கள் இதில் தங்களுக்குச் சம்பந்தமில்லை என்று நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது அதே கிளட்ச்தான், மிதிப்பது மட்டும் மோட்டார். மேட்டில் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் அதுவும் கருகும்.

ஹைவே விஷயம் வேறு. அங்கே எதிரி காற்று. காற்று தள்ளும் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறுகிறது. எண்பதிலிருந்து நூறுக்குப் போனால் வேகம் கால்வாசிதான் கூடுகிறது, காற்றின் எதிர்ப்போ பாதிக்கு மேல், 56 சதவீதம் கூடிவிடுகிறது. என் சொந்த வண்டியில் திருச்சி-சென்னை சாலையில் பலமுறை டேங்க் நிரப்பிப் பார்த்த கணக்கு இது: எண்பதில் சீராகப் போனால் 21, நூறில் போனால் 17. சுமார் 320 கிலோமீட்டருக்கு வித்தியாசம் மூன்றரை லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 350 ரூபாய். நேரத்தில் என்ன லாபம்? காகிதக் கணக்கில் 48 நிமிடம். நிஜத்தில் டோல்கேட், டீக்கடை, செங்கல்பட்டுக்கு அப்புறம் உள்ள நெரிசல் எல்லாம் இருவருக்கும் பொது என்பதால் அரை மணி நேரம்தான் மிஞ்சும். அந்த அரை மணி நேரம் சிலருக்கு 350 ரூபாயைவிடப் பெரிது. ரயிலைப் பிடிக்க வேண்டியவரிடம் எண்பதில் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நூறில் போய், லாரிக்குப் பின்னால் அறுபதுக்கு இறங்கி, மறுபடி நூறு, மறுபடி அறுபது என்று போகிறவர்கள் இரண்டையும் இழக்கிறார்கள்.

கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போகிறவர்கள் மேலே கேரியர் மாட்டி, கட்டு மூட்டையெல்லாம் ஏற்றுவார்கள். போய்வரும்வரை சரி. தை பிறந்து மாசி வந்த பிறகும் அந்த வெறும் கேரியர் கூரை மேல் உட்கார்ந்து காற்றை மறித்துக்கொண்டே இருக்கும். நாலு போல்ட், கழற்றி வீட்டில் வையுங்கள். டிக்கியில் இருக்கும் அரிசி மூட்டையைப் பற்றியும் சொல்வார்கள். எடை முக்கியம்தான், ஆனால் பத்து இருபது கிலோவால் பெரிய வித்தியாசம் வந்துவிடாது.

நின்ற இடத்தில் ஓடும் இன்ஜின் ஏசி இல்லாமலேயே மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போகிறவர்கள் வாசலில் இருபது நிமிடம் ஏசி போட்டுக்கொண்டு காத்திருக்கிறார்கள். மாதம் இருபத்திரண்டு நாள், நாளுக்கு இருபது நிமிடம் என்றால் ஏழு மணி நேரத்துக்கு மேல். எங்கும் போகாமலேயே ஐந்தாறு லிட்டர். "ஸ்டார்ட் பண்ணா நிறைய பெட்ரோல் இழுக்கும்" என்பதும் கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இப்போதைய வண்டியில் சூடான இன்ஜினை ஒருமுறை ஸ்டார்ட் செய்வது சுமார் பத்து விநாடி சும்மா ஓடுவதற்குச் சமம். அரை நிமிடத்துக்கு மேல் நிற்கப்போகிறோம் என்று தெரிந்தால், ரயில்வே கேட்டிலோ நீண்ட சிக்னலிலோ, அணைத்துவிடலாம். பேட்டரி வயதாகி முனகுகிற வண்டியில் மட்டும் இந்த வீரம் வேண்டாம்.

காலையில் ஸ்டார்ட் செய்துவிட்டு, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதற்குள் வண்டியைத் துடைப்பதும் தேவையில்லாத பழக்கம். ஆயில் மேலே ஏற அரை நிமிடம் போதும். அப்புறம் முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டரை முறுக்காமல் ஓட்டினால் இன்ஜின் ஓட்டத்திலேயே சூடாகிவிடும். குளிர்ந்த இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுக்கும். அதனால்தான் தெருமுனைக் கடைக்கு மட்டும் போய்வரும் வண்டிகளின் மைலேஜ் எப்போதும் பரிதாபமாக இருக்கும். எட்டு மணிக்குக் காய்கறி, பத்து மணிக்கு பேங்க், பன்னிரண்டுக்கு மருந்துக்கடை என்று மூன்று முறை எடுப்பதை ஒரே சுற்றாக முடித்தால் ஒரு சூடேற்றல் போதும்.

ஏசியைப் பற்றி நான் அதிகம் போதிப்பதில்லை. சித்திரை வெயிலில் திருச்சியில் ஏசி போடாதே என்று சொல்ல எனக்கு மனசு வராது. வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் கண்ணாடியை இறக்கி, அடுப்பு மாதிரி இருக்கும் காற்றை ஒரு நிமிடம் வெளியே விட்டுவிட்டு, பிறகு ஏசியைப் போட்டு, உள்காற்றே சுற்றும்படி வையுங்கள். ஹைவேயில் கண்ணாடியைத் திறந்துகொண்டு நூறில் போவதைவிட ஏசி போடுவதே மேல்.

இப்போது வண்டியின் பக்கம் இருக்கும் குற்றங்கள். எல்லாப் பழியையும் ஓட்டுகிறவர் காலில் போட்டால் என் தொழில் சகாக்கள் தப்பித்துவிடுவார்கள். இன்ஜின் சூடாகிறது என்று வண்டி வந்தால், காரணத்தைத் தேடாமல், இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடும் பழக்கம் நம்மூர்ப் பட்டறைகளில் உண்டு. சூடு குறையும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போவார். ஆனால் இன்ஜின் சரியான வெப்பத்துக்கு வர நேரமாகும், சில சமயம் வரவே வராது. கம்ப்யூட்டர் இன்னும் இன்ஜின் குளிராகவே இருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலை அள்ளிக் கொடுக்கும். ஹைவேயில் போகும்போதும் உங்கள் வெப்பமானி முள் நடுவுக்கு வராமல் கீழேயே கிடந்தால், முதலில் அந்த வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள். தயாரிப்பாளர் சொன்ன மெல்லிய ஆயிலுக்குப் பதிலாகக் கெட்டி ஆயில் ஊற்றுவதும், அழகுக்காகப் பெரிய டயர் மாட்டுவதும் அதே பட்டியல்தான்.

இன்னொன்று நீங்களே பார்க்கலாம். மட்டமான இடத்தில் வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டுக் கையால் தள்ளிப் பாருங்கள். ஸ்டீயரிங்கில் ஒரு ஆள் இருக்கட்டும். சின்ன வண்டி ஒரு ஆள் தள்ளினாலே நகர வேண்டும். இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தால் ஏதோ ஒரு சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்துக்கு அப்புறம் இப்படி நிறைய வரும்.

டயர் காற்று மைலேஜுக்கு முக்கியம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். சரிதான், ஆனால் இரண்டு மூன்று பாயிண்ட் குறைவதால் மைலேஜ் பாதாளத்துக்குப் போய்விடாது. டயரின் ஆயுளுக்கும் பிடிப்புக்கும்தான் அது பெரிய விஷயம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் போட்டிருக்கும் அளவை, டயர் ஆறியிருக்கும்போது, மாதம் ஒருமுறை வைத்தால் போதும். மைலேஜுக்காக அதைவிட ஐந்து பாயிண்ட் கூட்டி வைக்க வேண்டாம், மழையில் வழுக்கும். நைட்ரஜன் போட்டால் மைலேஜ் கூடுமா என்று கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஏர் ஃபில்டர் கதையும் கார்புரேட்டர் காலத்தோடு முடிந்தது. வருகிற காற்றை அளந்துதான் இப்போது கம்ப்யூட்டர் பெட்ரோல் விடுகிறது. அடைத்த ஃபில்டரால் இழுவை குறையும், மைலேஜில் பெரிய மாற்றம் இருக்காது. இன்ஜினுக்காக மாற்றுங்கள், மைலேஜை எதிர்பார்த்து மாற்றாதீர்கள்.

விளம்பரத்தில் போடும் இருபது, இருபத்திரண்டு எங்கே போயிற்று என்றால், அது ஆய்வகத்தில் உருளைகள் மேல் வண்டியை ஓட்டி எடுத்த எண். ஏசி போடாமல், அதிகபட்சம் 90 கிலோமீட்டர் வேகத்தில், சுமார் இருபது நிமிடம் ஓடும் சோதனை. ஒரு வண்டியை இன்னொரு வண்டியோடு ஒப்பிட அது உதவும். பாலக்கரை நெரிசலுக்கு அது பொறுப்பேற்காது. போதாததற்கு இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான் இருக்கிறது. கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் லிட்டருக்கு ஆறேழு சதவீதம் ஆற்றல் குறைவு. பழைய வண்டிக்காரர்கள் "முன்னே மாதிரி வரலை" என்று சொல்லும்போது அதில் இந்தப் பங்கும் இருக்கிறது. அதற்கு உங்கள் காலும் பொறுப்பில்லை, என் ஸ்பேனரும் பொறுப்பில்லை.

எதை மாற்றுவதற்கு முன்னாலும் இப்போது என்ன வருகிறது என்று ஒழுங்காக அளந்துகொள்ளுங்கள். "ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டேன், மூன்று நாள் வந்தது" என்பதெல்லாம் கணக்கில்லை. பங்கில் குழாய் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்புங்கள், அதற்கு மேல் ரவுண்டாக்கச் சொல்லாதீர்கள். கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதே பங்கில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுங்கள். மூன்று நிரப்பலின் சராசரியை எடுத்தால்தான் நம்பலாம். மீட்டர் காட்டும் எண் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும்.

வங்கி அதிகாரி அப்படித்தான் ஒரு சின்ன நோட்டுப் போட்டார். முதல் மாதம் 13.6. இரண்டாவது மாதம் 14.9. நாலாவது மாதம் ஆயில் மாற்ற வந்தபோது 15.5 என்று பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார். முன்பு ஏழாயிரம் ரூபாய்க்குச் செய்த வேலைகளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேடைக் கழற்றிப் பார்த்தேன், புதுசு மாதிரி இருந்தது.

போன மாதம் மறுபடி வந்தார். நோட்டில் கடைசி மூன்று வரி 12.7, 12.4, 12.1. பேடு பாதிக்கு மேல் காலி. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, "இப்ப யாரு சார் ஓட்டுறது?" என்று கேட்டேன். பையன் லைசென்ஸ் எடுத்துவிட்டானாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். ஸ்கேனரை எடுத்து சார்ஜில் போட வேண்டும்.